8 வருடம் நின்ற ஸ்ப்ளெண்டரைத் திரும்பக் கிளப்புவது

மச்சான் குவைத்துக்குக் கிளம்பிய அன்று காலை வரை ஓட்டிய வண்டி அது. 2004 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர். பட்டுக்கோட்டைப் பக்கம் அவர்கள் வீட்டு மாட்டுக்கொட்டகை ஓரத்தில், சாக்கைப் போர்த்திக்கொண்டு 8 வருடம் நின்றது. திரும்பி வந்ததும் "மாப்ள, இதைக் கிளப்பித் தர முடியுமா?" என்று கேட்டார். நான் போய்ப் பார்ப்பதற்குள் அவர் பையன் பழைய பெட்ரோலோடேயே அரை மணி நேரம் கிக்கரை உதைத்திருந்தான். எனக்கு இரண்டு நாள் வேலையைக் கூட்டியது அந்த அரை மணி நேரம்தான். டேங்கின் அடியில் படிந்திருந்த துருவெல்லாம், பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் இறங்கிவிட்டது. எண்ணெய் வற்றிய சிலிண்டரில் பிஸ்டன் ரிங் காய்ந்து உரசியதில் என்ன கீறல் விழுந்ததோ, அதை வெளியிலிருந்து பார்க்கவும் முடியாது.

அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: கிக்கரை உதைக்காதீர்கள். நின்றுபோன வண்டியைக் கெடுப்பது அது நின்ற வருடங்களை விட, அதைக் கண்டதும் வரும் ஆர்வம்தான்.

இங்கே சொல்வது பழைய ஸ்ப்ளெண்டரை வைத்து. சிடி 100, பேஷன் இரண்டிலும் அதே 97.2 சிசி குடும்பத்து என்ஜின் என்பதால் பெரும்பாலும் அவற்றுக்கும் பொருந்தும். 2020-க்குப் பிறகு வந்த, கார்புரேட்டர் இல்லாத வண்டிகளுக்கு வழி வேறு.

உதைப்பதற்கு முன்

வண்டியை வெளியே, காற்றோட்டமான இடத்துக்குத் தள்ளிக்கொண்டு வாருங்கள். பெட்ரோல் ஆவி கனமானது, தரையோடு பரவும். கொட்டகைக்குள் டேங்கைக் கழற்றும்போது பக்கத்தில் அடுப்போ பீடியோ விளக்கோ இருக்கக் கூடாது.

டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். நல்ல பெட்ரோல் மூக்கில் ஏறும். கெட்டது வார்னிஷ் மாதிரி புளித்த வாடை அடிக்கும். கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அரை மணி நேரம் வையுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். பாட்டிலின் அடியில் தனியாக ஓர் அடுக்கு தெரிந்தால் அந்தப் பெட்ரோலில் ஒரு சொட்டும் என்ஜினுக்குப் போகக் கூடாது. அதைச் சாக்கடையிலோ கிணற்றுப் பக்கமோ கொட்டிவிடாதீர்கள். பட்டறையில் கொடுத்தால் பாகம் கழுவ எடுத்துக்கொள்வார்கள்.

டேங்கைக் கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள். மச்சான் வண்டியில் அடிப்பகுதி முழுக்கச் செம்மண் பூசிய மாதிரி இருந்தது. பெட்ரோல் காக்கை (டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு) கழற்றி அந்த ஓட்டையை அடைத்து, டேங்க் நிறைய வெள்ளை வினிகர் ஊற்றி ஒரு நாள் வைத்தேன். புளித்தண்ணீர் ஊற்றுகிறவர்களும் உண்டு, பித்தளைப் பாத்திரம் தேய்க்கிற அதே கணக்கு. துரு போகும்தான், ஆனால் சக்கை உள்ளே தங்கிப் பிறகு காக்கை அடைக்கும். எனக்கு அது பிடிக்காது. வினிகரைக் கொட்டியதும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே வெயிலில் காயவைத்து, கொஞ்சம் என்ஜின் ஆயில் கலந்த பெட்ரோலை உள்ளே சுழற்றிவிட வேண்டும். இந்தக் கடைசி வேலையை மறுநாளைக்குத் தள்ளினால் காலையில் புதுத் துரு பூத்திருக்கும்.

அடுத்து ஏர் ஃபில்டர் பெட்டி, சைலன்சர் வாய். ஃபில்டர் பெட்டியில் எலி வைக்கோல் அடைத்திருந்தது. சைலன்சர் நுனியில் குளவி மண்கூடு. நம் ஊரில் நின்றுபோன வண்டி எதிலும் இந்த இரண்டையும் பார்க்காமல் நகராதீர்கள்.

கடைசியாக ஆயில். பழையதை இறக்கிவிட்டுப் புதிய 10டபிள்யூ30 ஊற்றுங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஆயில் குச்சியைத் திருகாமல் சும்மா வைத்து எடுத்து அளவு பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் இருப்பதை விடக் கூடுதலாகக் காட்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக ஒரு சிரிஞ்ச்சில் 5 மில்லி ஆயில் விட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். என்ஜின் ஹெட்டில், வால்வுகளுக்கு மேலே இருக்கும் இரண்டு டாப்பெட் மூடிகளையும் திறந்து அங்கேயும் கொஞ்சம் ஊற்றலாம். 8 வருடமாக ஒரு சொட்டு எண்ணெய் பார்க்காத இடம் அது.

கிக்கர் இறங்கவே இல்லை

ஏறி மிதிக்காதீர்கள். கிக்கர் ஷாஃப்ட் துருப்பிடித்ததா, பிஸ்டன் பிடித்துக்கொண்டதா என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். பிளக் கழற்றிய நிலையிலேயே, சென்டர் ஸ்டாண்டில், 4-ஆவது கியர் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் ஆட்டுங்கள். சக்கரத்தோடு என்ஜின் சுற்றினால் பிஸ்டன் நன்றாக இருக்கிறது, கோளாறு கிக்கரில்தான்.

சக்கரமும் நகரவில்லை என்றால் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருக்கிறது. டீசலும் என்ஜின் ஆயிலும் பாதிப் பாதி கலந்து பிளக் ஓட்டை வழியாக விட்டு, தினமும் ஒருமுறை அதே மாதிரி ஆட்டிப் பாருங்கள். ஒரு நாளில் விடலாம், ஒரு வாரமும் ஆகலாம். முடி அளவு அசைந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதன் பிறகும் பிளக்கைப் போடாமல் நிறையத் தடவை சுற்றி உள்ளே இருக்கிற ஆயிலை வெளியே தள்ளுங்கள். ஆயில் தேங்கியிருக்கும்போது பிளக்கை மாட்டி உதைத்தால் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பத்து நாள் ஊறியும் அசையவில்லை என்றால் சிலிண்டரைக் கழற்றித்தான் ஆக வேண்டும், அது பட்டறை வேலை.

கிக்கர் தடையே இல்லாமல் இறங்குகிறது

கம்ப்ரஷன் இல்லை, அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கவில்லை. பிளக் ஓட்டையில் கட்டைவிரலை அழுத்தி வைத்து வேறொருவரைக் கிக்கரை இறக்கச் சொல்லுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வெளியே வர வேண்டும். வரவில்லையா? ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். இப்போது தள்ளினால் ரிங் ஒட்டிக்கிடக்கிறது. வண்டி ஓடிச் சூடேறினால் பல சமயம் தானாகவே சரியாகும். ஆயில் விட்டும் மாற்றம் இல்லை என்றால் வால்வு திறந்தபடி நிற்கிறது. டாப்பெட் மூடியைத் திறந்து, என்ஜினை மெதுவாகச் சுற்றி, இரண்டு வால்வும் ஏறி இறங்குகின்றனவா என்று கண்ணால் பாருங்கள். ஏறாமல் நிற்கிற வால்வின் தண்டில் ஆயில் விட்டு ஊறவைக்கலாம். சுத்தியலால் தட்டக் கூடாது.

பிளக்கில் கரண்ட் இல்லை

புது பிளக் ஒன்று வாங்கிவிடுங்கள், பழையதை எமரி தாளில் தேய்த்துக்கொண்டிருப்பது வீண். இடைவெளி 0.6-இலிருந்து 0.7 மில்லிமீட்டர். பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உலோக உடலை என்ஜின் ஹெட்டில் அழுத்திப் பிடித்து, நிழலில் வைத்துக் கிக்கரை இறக்குங்கள். 'டிக்' என்று நீலப் பொறி தெரிய வேண்டும். உடல் ஹெட்டில் படாமல் உதைத்தால் சிடிஐ (பிளக்குக்குப் பொறியைக் கொடுக்கும் சின்ன மின்னணுப் பெட்டி) கெட வாய்ப்பு உண்டு. பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் பொறியைக் காட்டவும் கூடாது, உள்ளே பெட்ரோல் ஆவி இருக்கலாம்.

பொறி இல்லை என்றதும் நிறையப் பேர் பேட்டரி வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். பழைய ஸ்ப்ளெண்டரில் பொறிக்கும் பேட்டரிக்கும் தொடர்பே இல்லை. என்ஜின் சுற்றும்போது கரண்ட் தரும் மேக்னட்டில் இருக்கும் தனிச் சுருளிலிருந்து சிடிஐக்கு நேராகக் கரண்ட் போகிறது. பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் பொறி வரும்.

எனவே வேறு இடத்தில் தேட வேண்டும். பிளக் கேப்பை ஒயரிலிருந்து திருகிக் கழற்றிப் பாருங்கள், பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். ஒயர் நுனியை அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி திருகுங்கள். பல வண்டிகள் இதோடு கிளம்பிவிடும். அடுத்தது எலி. சாவியை அணைக்கும்போது இந்த வண்டியில் நடப்பது, ஓர் ஒயரை பாடியோடு சேர்த்துப் பொறியைக் கொல்வது. கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒயர் அது. எலி கடித்த இடத்தில் செம்பு வெளியே வந்து பாடியில் பட்டால், சாவி போட்டிருந்தாலும் அணைத்த மாதிரிதான். அந்த ஒயரைச் சிடிஐ பக்கம் கழற்றிவிட்டு உதைத்துப் பாருங்கள். பொறி வந்தால் கோளாறு சாவி லாக்கிலோ ஒயரிலோ இருக்கிறது. மச்சான் வண்டியில் ஹெட்லைட்டுக்குப் பின்னால், ஒயர்க் கட்டு வளைகிற இடத்தில் கடித்து வைத்திருந்தது. டேப் சுற்றியதும் சரியாகிவிட்டது. சோதனை முடிந்ததும் அந்த ஒயரை மறக்காமல் திரும்ப மாட்டுங்கள், இல்லையென்றால் ஓடுகிற வண்டியைச் சாவியால் நிறுத்த முடியாது.

இதற்கும் வரவில்லை என்றால் கனெக்டர் எல்லாவற்றையும் பிரித்துத் துடையுங்கள். அப்புறம் அதே மாடல் ஓடுகிற வண்டியின் சிடிஐயை 5 நிமிடம் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். பார்க்காமல் காசு கொடுத்துப் புதுசு வாங்காதீர்கள்.

கரண்ட் இருக்கிறது, கிளம்பவில்லை

பிளக் ஓட்டையில் 1 மில்லி புதுப் பெட்ரோலை விட்டு, பிளக்கை இறுக்கி, உதையுங்கள். இரண்டு விநாடி ஓடி நின்றால் நல்ல செய்தி. என்ஜினுக்குக் குறை ஒன்றும் இல்லை, பெட்ரோல்தான் போய்ச் சேரவில்லை. கார்புரேட்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்துங்கள். பெட்ரோல் ஒழுக வேண்டும். ஒழுகவில்லை என்றால் டியூப், காக், காக்கின் வலை, மிதவை ஊசி என்று மேலிருந்து கீழே வாருங்கள். டியூப் விறைத்திருந்தால் பேசாமல் மாற்றிவிடுங்கள், விலை அதிகம் இல்லை.

பெட்ரோல் ஊற்றியும் ஒரு வெடிப்புகூட இல்லை என்றால் சைலன்சர் நுனியில் கை வைத்துக்கொண்டு கிக்கரை இறக்கச் சொல்லுங்கள். காற்று வரவில்லையா, குளவி உள்ளேயும் கட்டியிருக்கிறது.

சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது

நின்று எடுத்த வண்டிகளில் அதிகம் காண்பது இதுதான். ஆட்களைக் களைக்க வைப்பதும் இதுதான், ஏனென்றால் வண்டி கிளம்பிவிட்ட மாதிரியே இருக்கும், ஆனால் கிளம்பியிருக்காது.

காரணம் பைலட் ஜெட். ஐடிலிங்கில் என்ஜினுக்கு வேண்டிய பெட்ரோல் முழுக்க அந்தச் சின்னப் பித்தளைத் துண்டின் நடு ஓட்டை வழியாகத்தான் போகிறது. ஓட்டை சில தலைமுடிகள் சேர்ந்த அளவுதான் இருக்கும். பெட்ரோல் ஆவியாகிப்போனால் மிஞ்சும் பிசின் முதலில் அடைப்பது அதைத்தான். மெயின் ஜெட் பெரியது, அது திறந்தே இருக்கும். சோக் போட்டால் காற்று குறைந்து, மற்ற வழிகளில் பெட்ரோல் கூடுதலாக இழுபட்டு ஓடுகிறது. எடுத்ததும் பட்டினி.

கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன் பக்கவாட்டிலுள்ள ஐடிலிங் கலவைத் திருகை உள்பக்கமாகத் திருகி, அது மெல்ல உட்கார எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள். திரும்பப் போடும்போது அதே எண்ணிக்கை வெளியே எடுக்க வேண்டும். அடிக் கிண்ணத்தைக் கழற்றினால் பச்சை கலந்த பிசின் தெரியும். ஜெட்டைச் சரியான அகல ஸ்க்ரூ டிரைவரால் கழற்றுங்கள். பித்தளை மிருதுவானது, தலை சிதைந்தால் பிறகு வரவே வராது. கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஒரு மணி நேரம் ஊறவிட்டு, காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நடுவில் உருண்டையாக ஒரு வெளிச்சப் புள்ளி தெரிய வேண்டும். கோணலாகவோ மங்கலாகவோ தெரிந்தால் இன்னும் அடைப்பு இருக்கிறது.

அடைப்பு போகவில்லை என்று ஊக்கை விட்டுக் குத்திவிடாதீர்கள். பல வருடம் முன்பு என் சொந்த வண்டியில் நான் அதைச் செய்தேன். ஓட்டை பெரிதாகிவிட்டது. அதன் பிறகு பிளக் கறுத்துக் கறுத்து அடைத்தது, மைலேஜ் விழுந்தது, காரணம் தெரியாமல் மூன்று மாதம் மற்ற எல்லாவற்றையும் மாற்றினேன். கடைசியில் புது ஜெட் போட்டதும் தீர்ந்தது. குத்தியே ஆக வேண்டும் என்றால் மின் ஒயரிலிருந்து உரித்த ஒற்றைச் செம்பு இழை போதும். அது பித்தளையைக் கீறாது.

ஜெட்டோடு நிறுத்தாதீர்கள். ஜெட் உட்காரும் குழியிலிருந்து கார்புரேட்டர் வாய்க்குப் போகும் மெல்லிய வழிகளிலும் ஸ்ப்ரேயை அடித்து, மறுமுனையில் வெளியே பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். கண்ணில் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஜெட் சுத்தமாக இருந்தும் சோக் இல்லாமல் ஓடாத வண்டிகளில் பிசின் இந்த வழிகளில்தான் ஒளிந்திருக்கும். ஒரே சுத்தத்தில் சரியாகவில்லை என்றால் மறுபடி கழற்றுங்கள். மச்சான் வண்டிக்கு மூன்று தடவை கழற்றினேன்.

கார்புரேட்டரிலிருந்து ஒழுகுகிறது

கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்தும் மிதவை ஊசியின் ரப்பர் நுனி காய்ந்து கடினமாகியிருக்கும், அல்லது அங்கே ஒரு துருத் துகள் நிற்கும். ஊசியை மாற்றுங்கள், மிதவையைக் குலுக்கி உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒழுகிக்கொண்டே ராத்திரி முழுக்க நின்றிருந்தால் ஆயில் குச்சியை எடுத்து முகருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை வந்தால், ஊற்றி ஒரு நாள்தான் ஆகிறது என்றாலும் அந்த ஆயிலை மாற்றத்தான் வேண்டும். பெட்ரோல் கலந்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது.

ஆக்ஸிலேட்டரை விட்டும் வேகம் இறங்கவில்லை

கேபிளைச் சந்தேகப்படுங்கள். கைப்பிடிப் பக்கம் கழற்றி, ஒரு பாலித்தீன் துண்டைப் புனல் மாதிரி கட்டி, ஆயில் விட்டு ராத்திரி முழுக்க இறங்க விடுங்கள். கேபிள் சரியாக இருந்தும் வேகம் தானாக ஏறினால், கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் எங்கோ காற்று புகுகிறது. அங்குள்ள ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வெடித்திருக்கும்.

கொஞ்ச தூரம் ஓடி நிற்கிறது, 10 நிமிடம் கழித்துக் கிளம்புகிறது

நின்ற அந்த நொடியில் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், உடனே வண்டி கிளம்பினால் மூடியில் காற்று போகும் ஓட்டை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க வேண்டும் என்றால் அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும் அல்லவா? மூடியைக் கழுவினால் போதும். இந்தச் சின்ன விஷயத்துக்காக என்ஜினையே பிரித்த பட்டறையை நான் பார்த்திருக்கிறேன். மூடியில் ஒன்றும் இல்லை என்றால் டேங்கில் மிச்சத் துரு காக்கின் வலையில் சேர்கிறது.

புகை

முதல் 10 நிமிடம் வெள்ளையாக வருவதற்குக் கவலை வேண்டாம், நீங்கள் ஊற்றிய ஆயிலும் சைலன்சரில் தேங்கிய ஈரமும்தான். 50 கிலோமீட்டர் ஓடியும் நீலம் கலந்து வந்தால் வால்வு சீலோ ரிங்கோ போயிருக்கிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம், சோக் முழுக்கத் திறக்கிறதா என்று பாருங்கள்.

கிளட்ச் பிடித்தும் வண்டி பாய்கிறது

கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. என்ஜினை அணைத்து, 4-ஆவது கியரில் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அழுத்தி ஆட்டுங்கள். விடவில்லை என்றால் சென்டர் ஸ்டாண்டில் 10 நிமிடம் ஓடவிட்டுச் சூடேற்றி அணைத்துவிட்டு, திரும்பவும் அதையே செய்யுங்கள். பெரும்பாலும் இதோடு பிரியும்.

ஹாரன் இல்லை, இண்டிகேட்டர் இல்லை

இதற்குத்தான் பேட்டரி. 8 வருடம் நின்றது திரும்ப வராது, சார்ஜ் போட்டு நாளைக் கழிக்க வேண்டாம். ஹெட்லைட் இந்த வண்டியில் மேக்னட்டிலிருந்தே எரிவதால் என்ஜின் ஓடினால் அது தெரியும்.

ரோட்டில் இறக்குவதற்கு முன் டயரும் பிரேக்கும்

பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடுகள்) அப்படியே இருக்கிறதே என்று டயரை விட்டுவிடாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. மச்சான் வண்டி டயர் பார்க்கப் புதுசு, அழுத்தினால் பக்கவாட்டில் வெடிப்புகள் வாயைத் திறந்தன. டியூபோடு இரண்டையும் மாற்றச் சொன்னேன். செலவைப் பார்த்துத் தயங்கினார், நான் விட்டுக்கொடுக்கவில்லை. என்ஜின் நின்றால் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகலாம், 50 கிலோமீட்டர் வேகத்தில் டயர் போனால் என்ன செய்வது?

இரண்டு சக்கரத்தையும் கழற்றி ட்ரம்மின் துருவை எமரி தாளால் எடுங்கள். தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பிரேக் ஷூவைத் திறக்கிற கேம் துருப்பிடித்தால் பிரேக் பிடிக்கும், ஆனால் விடாது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்து கொஞ்சமாகக் கிரீஸ் தடவுங்கள், ஷூவில் படாமல்.

கிளம்பிய பிறகு முதல் 100 கிலோமீட்டருக்குள் ஆயிலை இன்னொரு முறை மாற்றுங்கள், உள்ளே ஒட்டியிருந்த கசடு எல்லாம் சூட்டில் கரைந்து அதில்தான் வரும். ரோட்டுக்கு எடுப்பதற்கு முன் ஆர்சி புத்தகத்தையும் பாருங்கள். சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருடம்தான், அதன் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2004 வண்டிக்கு அது எப்போதோ முடிந்திருந்தது. இன்சூரன்ஸ், புகைச் சான்று இரண்டும் இல்லாமல் எடுக்க வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லிவிட்டேன்.

அவர் லீவு முடிந்து மறுபடி போகப் போகிறார். இந்தத் தடவை டேங்கை முழுக்கக் காலி செய்து உள்ளே ஆயில் சுழற்றிவிட்டு, காக்கை மூடி, கார்புரேட்டர் கிண்ணம் வற்றும்வரை ஓடவிட்டு, சைலன்சர் வாயில் துணி அடைத்து வைப்போம். மாதம் ஒருநாள் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பின்சக்கரத்தைச் சுற்றிவிடுவதாகப் பையன் ஒப்புக்கொண்டிருக்கிறான்.